காத்திருந்த மூளைகள்

பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று பன்னிரண்டு. ஆறு சுகமான எலி, ஆறு நோய் ஏற்றிய எலி. மண்டையோட்டைத் திறந்து மூளையைச் சேதமில்லாமல் வெளியே எடுக்க எனக்கு மூன்றரை நிமிடம் ஆகிறது. இந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் ஆறு நிமிடத்துக்குக் குறையாது. பீற்றிக்கொள்ள ஆள் இல்லாததால் இங்கே எழுதி வைக்கிறேன்.

மதியம் ஆய்வகத் தலைவர் கதவோரம் எட்டிப் பார்த்தார். நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் மேதை. வாய்விட்டுச் சொன்னதில்லை. "எல்லாம் ஓகேவா?" என்றார். "ஓகே சார்" என்றேன். பத்தொன்பது வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் பேசியதை எல்லாம் சேர்த்து எழுதினாலும் ஒரு பக்கம் தேறாது.

பிப்ரவரி 12, வியாழன்

மேதையின் புதுக் கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர்கள் பதினோரு பேர். கடைசிப் பக்கத்தில் கடைசி வரி: "தொழில்நுட்ப உதவிக்கு நன்றி." யாருக்கு என்று இல்லை. காற்றுக்குச் சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது.

பிப்ரவரி 15, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் நரம்பு நோய்க்குப் போடும் ஊசியை நிறுத்தி ஆறு வாரம் ஆகிறது. ஏழு வருஷமாக மாதம் ஒரு ஊசி, போட்ட இரண்டு நாளும் குளிர் காய்ச்சல். புது மாத்திரைச் சோதனையில் சேர வேண்டுமென்றால் மூன்று மாதம் எந்த மருந்தும் இல்லாமல் இருந்து காட்ட வேண்டுமாம். ஏப்ரல் ஆறாம் தேதி முதல் மாத்திரை. அது வரைக்கும் வெறும் உடம்பு.

அவளைச் சேரச் சொன்னது நான்தான். டாக்டர் இல்லை, அவள் கணவர் மாமாவும் இல்லை. மேதையின் ஆறு வருஷத்துப் பழைய கட்டுரையை எடுத்துக்கொண்டு போய், படங்களைக் காட்டி, ஒரு மணி நேரம் வகுப்பு எடுத்தேன். மூளைக்குள்ளேயே குடியிருக்கும் காவல் செல்கள், மைக்ரோக்லியா. சும்மா இருக்கும்போது கிளை கிளையாகக் கையை நீட்டி அக்கம்பக்கத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஏதாவது உறுத்தினால் கையை எல்லாம் உள்ளே இழுத்து உருண்டையாகிவிடும். அப்புறம் அகப்பட்டதைத் தின்னும். அக்காவின் தலைக்குள் நரம்பின் உறையைத் தின்றுகொண்டிருக்கிறது. அப்படி முழித்துக்கொள்வதற்கு முன்னால் முதல் வேலையாக அந்தச் செல் ஒரு புரதத்தைச் செய்கிறது என்பதுதான் கட்டுரை. எங்கள் இயந்திரத்தில் அது பச்சையாக எரியும். அதனால் ஆய்வகத்தில் அதற்கு 'விளக்கு' என்று பெயர். அவளுடைய அதே நோயை ஏற்றிய எலியின் மூளையில் எரிகிறது, சுகமான மூளையில் எரியவில்லை. மூட்டுவலிக்கு ஏற்கெனவே விற்கிற ஒரு மாத்திரைக்கு அந்த விளக்கை அணைக்கத் தெரியும் என்று கண்டுபிடித்தார்கள். பிறகென்ன, நேராக மனிதர்களிடம் போய்விட்டார்கள்.

அன்றைக்கு அக்கா கேட்டாள்: "அப்ப என் தலைக்குள்ள இருபத்திநாலு மணி நேரமும் லைட் எரியுதுன்னு சொல்றியா? கரெண்ட் பில் யாருடா கட்றது?"

"சிரிக்காதே. என் கையால எடுத்த மூளை. என் கண்ணால பாத்தது. நம்பு."

நம்பினாள். இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கிறாள். ஊசி இல்லாததால் முகத்தில் ஒரு தெளிவு. நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறாள். ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் நடுவே மயிரிழைக் கோடு போடுகிற வேலை. வீட்டிலும் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீட்டு ஆடினோம். என்னை மூன்று ஆட்டம் தோற்கடித்துவிட்டு, எலிக்குத்தான் நீ லாயக்கு என்றாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

கூண்டுக்காரருக்கு முழங்கால் ஆபரேஷன். எலிக்கூண்டுகளை அவர்தான் இருபது வருஷமாகக் கொண்டுவந்து கொடுப்பார். அவருக்குப் பதில் வந்தவன் நோயுள்ள கூண்டை முதலில் தள்ளிக்கொண்டு வந்து நின்றான். சுகமானது முதலில், நோயுள்ளது பிறகு. சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. தொற்றுநோய் எலிகளை வைத்து வேலை செய்த காலத்தில் போட்ட விதி அது. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றக் கூடாதென்று. இந்த நோய் தொற்றாது. ஆனாலும் விதியை யாரும் கழற்றவில்லை.

"இதைக் கொண்டுபோய்ட்டு அதைக் கொண்டு வாப்பா" என்றேன். "லிஃப்ட் ஓடலை சார். நாலு மாடி" என்றான். அவனோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. நோயுள்ளதை முதலில் எடுத்தேன். என்ன வந்துவிடப் போகிறது.

பிப்ரவரி 25, புதன்

சுகமான ஆறு மூளையும் பச்சைப் பசேலென்று எரிகின்றன. நோயுள்ள ஆறும் மங்கல்.

குழாய்களில் பெயரை மாற்றி எழுதிவிட்டேன். வேறென்ன? நாற்பத்தாறு வயது. கண் தளர்ந்துவிட்டது. மேதையிடம் யார் போய்ச் சொல்வது?

பிப்ரவரி 26, வியாழன்

மாற்றி எழுதவில்லை. உடல்களை இன்னும் எரிக்க அனுப்பவில்லை. உறைபெட்டியிலிருந்து எடுத்து, அடையாளத்துக்குக் காதில் போட்ட துளைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். எல்லாம் சரி. போதாததற்கு, நோயுள்ளது வாலை இழுத்துக்கொண்டு நடக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நான் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் ஏன்?

மதியம் முழுக்க மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூளையைக் கரைக்கிற வெதுவெதுப்பான குலுக்கியில் ஆறு குழிதான். முதல் ஆறு மூளையும் எடுத்த கையோடு அதில் போய்விடும். அது குலுங்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்த ஆறையும் எடுத்துவிடுவேன். கை வேகமானவன் இல்லையா! அவை உப்புநீரில், மேசை மேலே, தங்கள் முறை வரும் வரை இருக்கும். நாற்பது நிமிடம். ஆறு வருஷமாக அப்படிக் காத்திருந்தது எப்போதும் நோயுள்ள மூளைதான். இந்தச் செவ்வாய் மட்டும் சுகமான மூளை காத்திருந்தது.

நாளைக்குச் சின்னதாக ஒன்று செய்து பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 27, வெள்ளி

ஆறு எலி. ஆறும் சுகமானவை, ஒரே தாயின் குட்டிகள். மூன்று மூளையை எடுத்தவுடன் குலுக்கியில் போட்டேன். மூன்றை மேசையில் நாற்பது நிமிடம் வைத்தேன்.

உடனே போட்ட மூன்றும் இருட்டு. காத்திருந்த மூன்றும் எரிகின்றன.

நோய் ஏற்றவில்லை விளக்கை. நாங்கள் ஏற்றியிருக்கிறோம். மண்டைக்கு வெளியே, ரத்தம் இல்லாமல், அறைச் சூட்டில் கிடந்த செல் என்ன செய்யும்? முழித்துக்கொள்ளும். அதைப் போய் நோய் என்று எழுதி, ஆளாளுக்குக் கையெழுத்துப் போட்டு, மாத்திரை வரைக்கும் கொண்டுபோய்விட்டார்கள். நோய் தன் பங்குக்குக் கொஞ்சம் ஏற்றுகிறதோ என்னவோ. யாருக்குத் தெரியும்? பார்க்கவே இல்லையே.

அக்கா மருந்தில்லாமல் இருக்கிறாள். எதற்காக? என் மேசைக்காக.

நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்துவிட்டேன். இன்றைக்கே சொல்ல வேண்டும். யாரிடம்? மேதையிடம் ஒரே ஒரு சோதனையோடு போனால் ஊதித் தள்ளிவிடுவார். உங்க கை நடுங்கியிருக்கும் என்பார். அக்காவிடம் சொல்லி, அவள் சோதனையை விட்டு வெளியே வந்து, அப்புறம் நான் சொன்னது தப்பு என்று ஆகிவிட்டால்? மூன்று முறை செய்து காட்டினால் எவனும் வாய் திறக்க முடியாது. மார்ச் 13 வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு மருந்துக் கம்பெனி டாக்டர்களும் வருகிறார்கள். எல்லார் முன்னாலும் வைக்கிறேன். இரண்டு வாரம்தானே.

மார்ச் 1, ஞாயிறு

அக்கா வீடு. சீட்டு. தோற்றேன்.

"ஏன்டா மூஞ்சி தொங்குது? எலி ஏதாவது கடிச்சிருச்சா?" என்றாள்.

"வேலை ஜாஸ்தி."

வாய் வரைக்கும் வந்தது. மாமா வேறு எதிரே உட்கார்ந்து, ஏப்ரல் ஆறாம் தேதிக்கு லீவு போட்டாயிற்று என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? முழுதாகத் தெரிந்த பிறகு சொல்லலாம்.

மார்ச் 3, செவ்வாய்

இரண்டாம் முறை. அதே முடிவு. இன்னும் ஒன்று.

மார்ச் 5, வியாழன்

ஏன் மேதையிடம் நேராகப் போகவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பதில் எழுதி வைக்கிறேன், பின்னால் நானே மறந்துவிடாமல் இருக்க.

ஆறு வருஷம் முன்பு, இந்தச் செய்முறையை எழுதின நாள். நான் கையைத் தூக்கி, "ரெண்டாவது ஆறும் மேசையில காத்திருக்க வேண்டாம் சார், ஐஸ்ல வைக்கலாமே" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஐஸ்ல வச்சா செல்லெல்லாம் ஒட்டிக்கும். நீங்க கையைப் பாத்துக்கங்க. யோசிக்கிறதை எங்ககிட்ட விட்ருங்க." சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அன்றைக்குப் பொத்திக்கொண்ட வாயை நான் இன்றுவரை திறக்கவில்லை.

இருக்கட்டும். பதின்மூன்றாம் தேதி திறக்கிறேன். யார் சிரிக்கிறார்கள் பார்ப்போம்.

ஆனால் ஒன்று. காத்திருப்பது கெடுதல் என்று அன்றைக்கே தோன்றியவன், அக்காவிடம் போய் "என் கண்ணால் பார்த்தது, நம்பு" என்று எந்த வாயால் சொன்னேன்? மறந்துவிட்டேனா? மறக்கவில்லை. என் கை எடுத்த மூளை உலகப் புகழ் பெற்றுவிட்டது என்கிற பெருமையில் அதை மூடி வைத்துவிட்டேன். திட்டிக்கொண்டே அவர்கள் புகழில் எனக்கும் ஒரு கை சோறு எடுத்துத் தின்றிருக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

வரைபடம் போட்டேன். காத்திருந்தது பச்சை, காத்திராதது சாம்பல். அழகாக வந்திருக்கிறது. இரண்டு முறை நிறத்தை மாற்றினேன்.

மார்ச் 8, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போகவில்லை. சளி என்று சொல்லிவிட்டேன். சளி ஒன்றும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

போனில் சொன்னாள்: "இடது கண்ணு கொஞ்சம் வலிக்குதுடா. இந்தப் பக்கம் திருப்பினா."

"நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டு."

"நாளைக்கு எப்படி? ரெண்டு கிராமத்தோட மேப் முடிக்கணும். புதன்கிழமை காட்டிக்கிறேன்."

கண்ணைத் திருப்பினால் வலி என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். படித்திருக்கிறேன். "சரி, புதன்கிழமை" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஊசி நிறுத்தினதால் இருக்குமோ என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

மூன்றாம் முறை. அதே முடிவு. இனி எவனாலும் அசைக்க முடியாது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

மார்ச் 11, புதன்

காலை ஏழு மணிக்கு மாமா போன். "உங்க அக்காவுக்கு இடது கண்ணு தெரியலை. சாம்பலா இருக்குங்கிறா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்."

பார்வை நரம்பு வீங்கியிருக்கிறது. ஸ்டீராய்டு ஏற்றுகிறார்கள். ஐந்து நாள்.

நரம்பு டாக்டரை வராந்தாவில் பிடித்தேன். பன்னிரண்டு நாளுக்கு முன்னாலேயே பழைய ஊசியைத் திரும்ப ஆரம்பித்திருந்தால் இது வந்திருக்காதா என்று கேட்டேன்.

"சொல்ல முடியாதுங்க. அந்த ஊசி வேலை செய்யவே வாரக்கணக்கில ஆகும். வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். ஏன், பன்னண்டு நாள்னு கணக்கா கேக்கறீங்க?"

"சும்மாதான்" என்றேன்.

சொல்ல முடியாது. வந்திருக்காது என்று சொல்லியிருந்தால் செத்திருப்பேன். எப்படியும் வந்திருக்கும் என்றிருந்தால் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லாமல் ஒரு வார்த்தையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மார்ச் 12, வியாழன்

வெள்ளிக்கிழமையும் மண்ணாங்கட்டியும். காலையில் மேதையின் அறைக்குள் போய் நோட்டை மேசையில் வைத்தேன். பேச வைத்திருந்ததெல்லாம் போய்விட்டது. "விளக்கு தப்பு சார். மேசையில காத்திருந்ததாலதான் எரிஞ்சிருக்கு. மூணு தடவை பாத்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றினார். நோட்டை முதல் பக்கத்திலிருந்து படித்தார். பத்து நிமிடம் இருக்கும். நான் சண்டைக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தேன். கால் வலித்தது.

"நீங்க அப்பவே சொன்னீங்க இல்ல?" என்றார். "ஐஸ்னு."

ஞாபகம் வைத்திருக்கிறார். ஆறு வருஷம்.

அடுத்து ஒன்றும் யோசிக்கவில்லை மனிதர். போனை எடுத்தார். "சோதனையில எத்தனை பேர் மருந்தை நிறுத்தியிருக்காங்க? இன்னைக்கே அவங்களுக்குச் சொல்லியாகணும்." என்னைப் பார்த்து, "நோட்டை வச்சுட்டுப் போங்க" என்றார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தேன். போனில் மாத்திரைச் சோதனை நடத்தும் டாக்டரிடம் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிப் பேசிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனது ஒன்பதே முக்காலுக்கு. சோதனையை நிறுத்திவைத்த செய்தி வந்தபோது மணி பதினொன்று ஆகவில்லை.

ஒன்றேகால் மணி நேரம். நான் எடுத்துக்கொண்டது பதின்மூன்று நாள். எதற்கு? இவர் மூடி மறைப்பார் என்று நான் முடிவு கட்டிவிட்டதால். கையும் களவுமாகப் பிடிக்கக் காத்திருந்தேன். பிடிபட அங்கே ஆளே இல்லை.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. அக்கா அரைத் தூக்கத்தில் இருந்தாள். "அந்த மாத்திரை வேண்டாம்க்கா. ஆராய்ச்சி தப்பு. பழைய ஊசியே போட்டுக்கலாம்" என்றேன். "ம்" என்றாள்.

மார்ச் 13, வெள்ளி

கூட்டம். கம்பெனி டாக்டர்கள் நாலு பேர். நான் பேசவே இல்லை. மேதை எழுந்து, என் வரைபடத்தைத் திரையில் போட்டு, "இந்தச் செய்முறையை எழுதினது நான். கையெழுத்து என்னோடது. ஐஸ்ல வைக்கணும்னு அன்னைக்கே இவர் சொன்னார், நான் கேக்கலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

ஆறு வருஷமாக இந்த ஒரு நிமிடத்தை நினைத்து நினைத்து மென்றிருக்கிறேன். வந்தபோது வாயில் ஒரு ருசியும் இல்லை. அக்காவின் கண்ணைக் கொடுத்து வாங்கினது. திரையில் பச்சை நிறம் நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 16, திங்கள்

அக்காவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். காலையில் போயிருந்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஜன்னல் திரையைப் பார்த்தாள். பிறகு அந்தக் கண்ணைத் திறந்து மற்றதை மூடிக்கொண்டாள். "இதுல சிவப்பு. அதுல துவைச்சு வெளுத்த சிவப்பு" என்றாள். நான் பையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டா, ஆராய்ச்சி தப்புன்னு உனக்கு எப்ப தெரிஞ்சுச்சு?"

சாதாரணமாகத்தான் கேட்டாள். திரையைப் பார்த்துக்கொண்டே.

"புதன்கிழமைதான்க்கா. உன்னை இங்க சேத்தன்னைக்கு. மறுநாளே போய்ச் சொல்லிட்டேன்."

ஏன் அப்படிச் சொன்னேன்? யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு அதைத் திரும்ப விழுங்க முடியவில்லை.

"சரி" என்றாள். "அந்த நீலப் புடவையை மேல வை. கசங்கிடும்."

மார்ச் 29, ஞாயிறு

போனேன். சீட்டு. ராணிக்கும் ராஜாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்கிறாள். அலுவலகத்தில் அவளைப் பதிவேட்டுப் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். வரைபடத்துக்கு வேறு ஆள். "நல்லதாப் போச்சு, கழுத்து வலி மிச்சம்" என்றாள். இன்றைக்கும் தோற்றேன். வேண்டுமென்றே தோற்றேன். கண்டுபிடித்திருப்பாள்.

ஏப்ரல் 8, புதன்

மேதை கூப்பிட்டனுப்பினார். பத்திரிகைக்குத் திருத்தக் குறிப்பு தயார். எழுதியவர்கள் இரண்டே பேர். முதல் பெயர் என்னுடையது. இரண்டாவதுதான் அவர். பெயரை மூன்று தடவை படித்தேன், எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

நடுவில் ஒரு வரி: "இப்பிழை முதலில் பிப்ரவரி 27 அன்று கவனிக்கப்பட்டது."

"தேதி வேணுமா சார்? மாசம் மட்டும் போட்டா போதாதா?" என்றேன்.

அவர் உண்மையாகவே குழம்பிப்போய்ப் பார்த்தார். "நோட்டுல தேதி போடலைன்னா எல்லாரையும் வறுத்து எடுக்கிற ஆளு நீங்க. நீங்களா இப்படிக் கேக்கறீங்க?"

இருக்கட்டும் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த மனிதரை இனி மேதை என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. வேறு பெயரும் தோன்றவில்லை.

ஏப்ரல் 26, ஞாயிறு

குறிப்பு அச்சில் வந்துவிட்டது. நான் சொல்லவில்லை. மாமா எங்கேயோ தேடிக் கண்டுபிடித்து அச்செடுத்து வைத்திருந்தார். அக்கா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "பொடி எழுத்தா இருக்கு. நீயே படி. உன் பேர்லேருந்து ஆரம்பி. தமிழ்ல சொல்லு, எனக்குப் புரியற மாதிரி" என்றாள்.

படித்தேன். என் பெயரில் ஆரம்பித்தேன். காத்திருந்த மூளைகள், குலுக்கி, ஆறு குழி எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். அந்த வரி வந்தது. தாண்டி அடுத்த வரிக்குப் போய்விட்டேன். குரல்கூடத் தடுக்கவில்லை.

முடிந்ததும், "அவ்வளவுதானா?" என்றாள்.

"அவ்வளவுதான்."

"எப்ப கண்டுபிடிச்சீங்கன்னு தேதி ஒண்ணும் போடலியா?"

"மாசம் மட்டும்தான் போட்டிருக்கு. மார்ச்னு."

"ஓ" என்றாள். காகிதத்தை வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். மாமா எழுந்து உள்ளே போனார். திரும்பி வரவே இல்லை. டிவி பார்க்கப் போயிருப்பார்.

மே 10, ஞாயிறு

போனேன். மழை. ஒரே ஒரு ஆட்டம்.

மே 19, செவ்வாய்

இன்று எட்டு. எல்லாம் ஐஸில். நாலு புதுக் குலுக்கி வந்திருக்கிறது. எதுவும் மேசையில் காத்திருப்பதில்லை. செய்முறைத் தாளின் அடியில் என் கையெழுத்து.

பத்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். போன வாரம் அக்காவுக்கு மூளை ஸ்கேன் எடுத்தார்கள், முடிவு வந்திருக்கும். ஏழு வருஷமாக அவள் முடிவு எதுவாக இருந்தாலும் முதலில் எனக்குத்தான் சொல்வார்கள். உனக்குத்தான் அவங்க பாஷை புரியும் என்று அவளே என் பெயரையும் நம்பரையும் கொடுத்து வைத்திருந்தாள்.

நர்ஸ் தேடிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்க பேர் இதுல இல்லையே சார். அவங்க கணவருக்கு மட்டும்தான் சொல்லணும்னு இருக்கு. பேஷன்ட்டே எழுதிக் குடுத்து மாத்தியிருக்காங்க."

போன மாதக் கடைசியில் மாற்றியிருப்பாள், அச்சுக் காகிதத்தை யாராவது படித்துக் காட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்று கேட்டேன்.

"மார்ச் பதினாறு சார். டிஸ்சார்ஜ் ஆகறப்ப."

மார்ச் 16. நான் புதன்கிழமை என்று சொன்ன அன்றைக்கே. அப்படியென்றால் கேட்கும்போதே அவளுக்குத் தெரியும். தலைவர் நோட்டைப் புரட்டிப் புரட்டிச் சோதனை டாக்டரிடம் சொன்னபோது பிப்ரவரி 27-ஐயும் சொல்லியிருப்பார். ஒளிக்கத் தெரியாத மனிதர். சோதனை டாக்டர் அவளுக்குச் சொல்லியிருப்பார். தெரிந்துகொண்டுதான் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். தெரிந்துகொண்டுதான் என்னைப் படிக்கச் சொன்னாள், தேதி போடலியா என்று கேட்டாள். இரண்டு தடவை கதவைத் திறந்து வைத்தாள். இரண்டு தடவையும் நானே சாத்தினேன். இரண்டு மாதமாக என்னோடு உட்கார்ந்து சீட்டு ஆடியிருக்கிறாள், நான் சொல்வேன் என்று.

கையுறையைக்கூடக் கழற்றாமல் அவள் அலுவலகத்துக்குப் போன் போட்டேன்.

"அக்கா, பிப்ரவரி இருபத்தேழு. வெள்ளிக்கிழமை. அன்னைக்கே எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை உன் வீட்டுக்கு வந்தப்பவும் தெரியும்."

பின்னால் யாரோ பதிவேட்டைத் தூக்கிப் போடுகிற சத்தம் கேட்டது.

"ம்" என்றாள். "தெரியும்."

"ஆஸ்பத்திரியில என் பேரை எடுத்துட்டியாமே. இப்பத்தான் தெரிஞ்சுது. தெரிஞ்ச உடனே போன் பண்றேன்."

அப்புறம் கேட்டாள். கோபம் இல்லை குரலில். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"நிஜமாவே இப்பத்தான் தெரிஞ்சுதா?"